இருபத்தொரு நிமிடக் குரல்

என் கொழுந்தன் வீட்டுப் படியை நான் மிதித்து எட்டு வருடம் ஆகிறது. செத்தாலும் மிதிக்க மாட்டேன் என்று சொன்னவள்தான். சாகவில்லை. ஆஸ்பத்திரியில் கழுத்தை அறுத்துக் குரல்வளையை எடுத்துப் போட்டார்கள், அவ்வளவுதான். அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் வீட்டு அழைப்புமணியை அழுத்திக்கொண்டு நின்றேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர், பரீட்சை எழுத வந்த பையன் மாதிரி சட்டையின் மேல் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

வந்த காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு என் குரல் வேண்டும்.

தையல் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக லைன் சூப்பர்வைசர் நான். அறுபது மிஷின் ஒரே நேரத்தில் ஓடுகிற கூடத்தில், மைக் இல்லாமல், கடைசி வரிசைக்காரி காதில் விழ வைத்தவள். 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பார்களே, அது என்னைப் பார்த்துச் சொன்னது. இப்போது கழுத்தில் ஒரு ஓட்டை. மூச்சு அது வழியாகத்தான். பேச வேண்டுமென்றால் போனில் தட்ட வேண்டும், போன் பேசும். அது பேசுகிற அழகைக் கேட்க வேண்டுமே! ரயில் எந்த மேடைக்கு வரும் என்று அறிவிக்கிற பெண்ணின் குரல். அழுகின தக்காளியைத் தலையில் கட்டிய கடைக்காரனை அந்தக் குரலில் திட்டினேன். 'ரொம்ப நன்றி மேடம்' என்கிறான். அன்றோடு போனைப் பைக்குள் போட்டுவிட்டு, குழந்தைகள் எழுதி அழிக்கிற வெள்ளைப் பலகை ஒன்றும் மார்க்கரும் வாங்கிக்கொண்டேன். அதிலும் ஒரு கஷ்டம். நான் பாதி வாக்கியம் எழுதி முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்து குளிக்கப் போய்விடுகிறார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள்தான் சொன்னாள்.

"ஆன்ட்டி, நல்லாப் பேசிட்டிருந்த காலத்துல உங்க பேச்சு எதுலயாவது பதிவாகி இருக்கா? இருந்தாக் கொடுங்க. கம்ப்யூட்டர் அதைக் கேட்டு உங்க குரலையே கத்துக்கும். அப்புறம் நீங்க போன்ல டைப் பண்ணா, உங்க குரல்லயே பேசும்."

எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. அவளோ நிபந்தனைகளை அடுக்கினாள். குறைந்தது இருபது நிமிடம் வேண்டும். பின்னால் பாட்டோ இரைச்சலோ இருக்கக் கூடாது. நடுவில் வேறு யாரும் பேசக் கூடாது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஏற்றிவிட வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான்.

போனில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பும் பழக்கம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. எனக்கு எதற்கு அது? ஜன்னலைத் திறந்தால் தெருக்கோடிவரை கேட்குமே. கடைசி இரண்டு வருடத்தில் அனுப்பிய நாலைந்தும் தொண்டை கெட்டுப்போன பிறகு அனுப்பியவை. வெறும் கரகரப்பு, உதவாது என்று அந்தப் பெண் ஒதுக்கிவிட்டாள். மிச்சம் இருந்தது ஒன்றுதான். பரண்மேல் அட்டைப்பெட்டியில் கிடந்த நாற்பத்தொரு டிவிடி.

அவை எல்லாம் கொழுந்தன் எடுத்தவை. அவன் டிவி ரிப்பேர்க்காரன். இப்போது வீட்டில் உட்கார்ந்தபடியே ஆபீஸ்களின் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து கொடுக்கிறான். அந்தக் காலத்தில் தோளில் கேமரா இல்லாமல் அவனைப் பார்க்க முடியாது. குடும்பத்தில் யார் தும்மினாலும் படம் எடுத்து, டிஸ்க்கில் போட்டு, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுப்பான். எல்லாவற்றிலும் நான் இருப்பேன். படத்தில் அல்ல, பின்னால். 'ஏய், பாத்திரத்த இறக்கு', 'அந்தக் குழந்தைக்கு மூக்கத் துடைச்சு விடுடி' என்று கத்திக்கொண்டே இருப்பேன்.

எட்டு வருடத்துக்கு முன் என் மாமனாருக்கு எண்பது வயது நிறைந்தது. அறுபது பேருக்கு நான் ஒருத்தியே நின்று சமைத்தேன். சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு கொழுந்தன் பெரிய டிவியில் ஒரு படம் போட்டான். அத்தனை டிஸ்க்கிலிருந்தும் என் கத்தலை மட்டும் வெட்டி எடுத்து, ஒன்பது நிமிடத்துக்கு ஒட்டியிருந்தான். 'அண்ணி ஸ்பெஷல்' என்று தலைப்பு வேறு. கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. என் வீட்டுக்காரரும் தோள் குலுங்கச் சிரித்தார். கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். அதைக் கீழே வைத்துவிட்டுக் கொழுந்தனைத் திட்டத் தொடங்கினேன். என்னென்ன திட்டினேன் என்பது நினைவில்லை என்றுதான் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவந்தேன். அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது.

டிவிடியைப் போட்டுப் பார்க்க இப்போது யார் வீட்டில் என்ன இருக்கிறது? அவனிடம்தான் இரண்டு டிரைவ் வைத்த பழைய கம்ப்யூட்டர் இருந்தது. வேறு வழியில்லாமல் என் வீட்டுக்காரரைத் திங்கட்கிழமை அனுப்பினேன். பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியும் கொடுத்தேன்: 'டிஸ்க்கெல்லாம் ஃபைலா மாத்தணும், அவசரம்னு மட்டும் சொல்லுங்க. எதுக்குன்னு சொல்லாதீங்க. என் குரலுக்காக அவன்கிட்ட கையேந்துறேன்னு அவனுக்குத் தெரிய வேண்டாம்.' அவரும் அப்படியே சொல்லிவிட்டு வந்தார். அதில் மட்டும் மனுஷன் கெட்டிக்காரர்.

கதவைத் திறந்தவன் கொழுந்தன். தலை பாதி வழுக்கையாகிவிட்டது. என் கழுத்தைக் கட்டியிருந்த துணியைப் பார்த்தான், உடனே அண்ணனைப் பார்த்தான்.

"வாங்க. எல்லாம் ரெடி" என்றான்.

உள்ளே மேஜைமேல் கம்ப்யூட்டர், சுற்றிலும் ஒயர், பக்கத்தில் எங்கள் அட்டைப்பெட்டி. அடுக்களை வாசலில் அவன் பெண்டாட்டி, என் ஓரகத்தி, கையைத் துணியில் துடைத்தபடி நின்றாள். வாங்க என்று ஒரு வார்த்தை வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

கொழுந்தன் அண்ணனைப் பார்த்துத்தான் பேசினான். "நாப்பத்தொரு டிஸ்க்குண்ணா. வெளியில கொடுத்திருந்தா ஒரு டிஸ்க்குக்கு ஒரு மணி நேரம் ஆக்குவான். படத்தத் திரும்ப அரைச்சு, சுருக்கி, அதெல்லாம் வெட்டி வேலை. நான் டிஸ்க்குல இருக்கிறதை அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு இழுத்துட்டு, மேல இருக்கிற உறைய, அதாவது ஃபைலோட வடிவத்த மட்டும் மாத்தினேன். ஒரு டிரைவ் இழுக்கும்போதே இன்னொண்ணுல இழுத்தது மாறிட்டிருக்கும். ஒண்ணுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகல. ஒரே பகல்ல முடிச்சுட்டேன்."

பென்டிரைவை மேஜையில் வைத்து ஒரு விரலால் அண்ணன் பக்கம் தள்ளினான். நான் எடுத்தேன். எடுத்து, அவன் கம்ப்யூட்டரிலேயே செருகச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றான்.

பலகையில் எழுதினேன்: 'போடு.'

போட்டான். யாருடைய வீட்டிலோ கிரகப்பிரவேசமோ பிறந்தநாளோ, எல்லோரும் வாயை அசைக்கிறார்கள். கேட்பதோ புல்லாங்குழல், தபேலா. அடுத்ததைப் போடச் சொன்னேன். வயலின். அடுத்தது. வெறும் தாளம். என் நாத்தனார் படத்துக்கு வெளியே யாரையோ பார்த்துக் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அந்த 'யாரோ' நான்தான். கேட்பதோ வீணை.

'சத்தம் எங்க?' என்று எழுதினேன்.

"அதான் பாட்டு கேக்குதே."

'என் சத்தம்.'

கொழுந்தன் அன்றைக்கு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. இல்லை என்று யார் சத்தியம் செய்தாலும் நான் நம்ப மாட்டேன்.

"நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன் அண்ணி. அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி என்ன சொன்னீங்க? 'இனிமே என் குரல் உன் டிஸ்க்குல ஒரு இடத்துல கேட்டாலும் உன் கை விளங்காமப் போயிடும்'னு சொன்னீங்க. நான் கைய வெச்சுப் பொழைக்கிறவன். எல்லார் வீட்டு டிஸ்க்கையும் திருப்பி வாங்கி, மூணு மாசம் உக்காந்து ஒவ்வொரு டிஸ்க்கா உங்க சத்தத்த எடுத்துட்டுப் பாட்டு போட்டேன். கேமரா கேசட்டையும் அந்த ஒன்பது நிமிஷப் படத்தையும் அழிச்சேன். உங்க இருமல்கூட இருக்காது."

'எங்க வீட்டு டிஸ்க்கு எப்படி மாறிச்சு?' என்று எழுதிப் பலகையை நீட்டினேன்.

அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் மறுபடி சட்டையின் மேல் பொத்தானைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லம்மா... பழசுல கீறல் விழுந்திருச்சு, மாத்தித் தரேன்னு சொன்னான். நானும் சரின்னு..."

அட பாவி மனுஷா! எட்டு வருடமாக ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, தம்பி தந்த ஊமைப் படங்களைப் போட்டுக்கூடப் பார்க்காமல் பரண்மேல் ஏற்றி வைத்திருக்கிறார். வாயைத் திறந்து கத்தினேன். கழுத்து ஓட்டையிலிருந்து 'ஸ்ஸ்' என்று காற்று வந்தது. குக்கர்கூட அதைவிடக் கம்பீரமாக விசில் அடிக்கும். ஆத்திரம் தாங்காமல் பலகையால் மேஜையில் ஓங்கி அடித்தேன். பலகையின் ஓரம் தெறித்துப் போனது.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் விஷயத்தை உடைத்தார். குரல், கம்ப்யூட்டர், இருபது நிமிடம், நாளை மாலை ஐந்து மணி. சொல்லி முடிப்பதற்குள் அவர் குரலே உடைந்துவிட்டது.

கொழுந்தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "இதைத் திங்கக்கிழமையே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன? நான் பாட்டுக்கு நாப்பத்தொரு பாட்டுக் கச்சேரிய இழுத்துட்டிருந்திருக்கேன்! ஆஸ்பத்திரிக்குக்கூட வந்து வாசல்லயே நின்னுட்டுப் போனேன், தெரியுமா? உள்ள வந்தா விரட்டுவாங்களோன்னு."

'விரட்டத்தான் செஞ்சிருப்பேன்' என்று எழுதிக் காட்டினேன்.

"பாத்தியா அண்ணா? இதுக்குமேல நான் என்ன பண்ண முடியும்? இல்லாத சத்தத்த எங்கிருந்து கொண்டாரது?"

"ஒண்ணு இருக்கே" என்றாள் ஓரகத்தி.

எல்லோரும் திரும்பினோம். அவள் அடுக்களை வாசலை விட்டு நகரவில்லை.

"அது வேண்டாம்" என்றான் கொழுந்தன் சட்டென்று.

"ஏன் வேண்டாம்? வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினீங்களே, சொந்தக்காரங்களுக்குக் காட்டினா என்ன?" உள்ளே போனாள். அலமாரி திறந்து மூடும் சத்தம். ஒரு டிஸ்க்கைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். அதன்மேல் பச்சை மார்க்கரில் 'ஆதாரம்' என்று எழுதியிருந்தது.

அந்தப் பிறந்தநாளன்று கேமரா மூலையில் ஸ்டாண்டில் ஓடிக்கொண்டிருந்ததாம். நான் திட்டியது முழுவதும் பதிவாகியிருக்கிறது. இருபத்தாறு நிமிடம். எல்லா டிஸ்க்கிலும் என் குரலை அழித்தவன் இதை மட்டும் பத்திரமாக வைத்திருந்தான்.

"யாராவது வந்து, 'என்ன இருந்தாலும் அண்ணி, நீ இறங்கிப் போகக் கூடாதா'ன்னு கேப்பாங்க" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. "இதைப் போட்டுக் காட்டுவேன். பாத்தவங்க யாரும் மறுபடி கேட்டதில்ல."

அவன் முகத்தில் துப்பலாம் போல இருந்தது. ஆனால் கணக்கு வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. இருபத்தாறு நிமிடம். பாட்டு இல்லை. நான் வாயைத் திறந்தால் நடுவில் எவன் பேசுவான்?

'எடு' என்று எழுதினேன்.

டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தவன் உதட்டைப் பிதுக்கினான். அடிப்பக்கம் முழுக்கக் கீறல். ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டினால் கீறல் விழாதா? சோப்புத் தண்ணீரில் நனைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து, டிரைவில் போட்டான். அவனுடைய பத்து நிமிட வித்தை ஓடியது. ஏழு நிமிடத்தில் முடிந்தும்விட்டது. ஃபைலைத் திறந்தால் பதின்மூன்று நிமிடம்தான் இருக்கிறது. நடுநடுவே தாவித் தாவி ஓடுகிறது. என் வாக்கியம் ஒன்று பாதியில் அறுந்து, இன்னொரு வாக்கியத்தின் வாலில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

"படிக்க முடியாத இடத்தையெல்லாம் விட்டுட்டுத் தாண்டிப் போயிடுச்சு" என்றான். "வேகமா எடுத்தா அப்படித்தான்."

'அவசரக் கோலம் அள்ளித் தெளிச்ச கோலம். உன் வேகத்தக் குப்பையில போடு. மெதுவா எடு.'

"மெதுவான்னா நாளைக்கு மத்தியானம் ஆகும் அண்ணி. டிரைவோட வேகத்த அடிமட்டத்துக்கு இறக்கணும். ஒவ்வொரு கீறலையும் நூறு தடவை திரும்பத் திரும்பப் படிக்க விடணும். கிடைச்சாக் கிடைக்கும், இல்லன்னா இல்ல."

'நீ கீறினது. நீயே உக்காந்து எடு.'

முறைத்தான். முறைத்துக்கொண்டே வேகத்தைக் குறைத்தான். டிரைவ் முனகத் தொடங்கியது. நாங்கள் எழுந்து வீட்டுக்குப் போனோம். வழியெல்லாம் என் வீட்டுக்காரர் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தார். பலகை உடைந்த சாக்கில் நான் பதில் எழுதவில்லை.

மறுநாள் மூன்றே முக்கால் மணிக்கு மறுபடியும் அதே படி. கொழுந்தன் முகம் கழுவாமல் அதே நாற்காலியில் இருந்தான். திரையில் ஒரு எண். இருபத்தொரு நிமிடம், பத்து விநாடி.

"மிச்சம் அஞ்சு நிமிஷம் போயிடுச்சு. எவ்வளவோ பாத்துட்டேன், வரல" என்றான். "முழுசா ஒரு தடவை கேட்டுடலாம். நடுவுல யாராவது பேசியிருந்தா அந்த இடத்த எடுத்தாகணும்."

பொத்தானை அழுத்தினான்.

கடவுளே, என்ன குரல்! மணி மாதிரி இருந்தது. இரண்டு வருடமாக நான் கேட்காத என் குரல். கூடத்தில் அறுபது பேர் இருந்தும் ஒரு தட்டு, ஒரு டம்ளர் சத்தமில்லை. என் ஒருத்தியின் குரல்தான். 'கூலிக்காரியாடா நான்? உங்கப்பனுக்குச் சோறு வடிச்ச கை இது!' ஒரு திணறல் இல்லை, ஒரு தேடல் இல்லை, வார்த்தை வந்து விழுகிறது. எனக்கு வெட்கமே வரவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து ரசித்தேன். என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் நீர் வழிந்தது. பத்து நிமிடம் போனது, பதினைந்து போனது. பதினேழாவது நிமிடத்தில் ஓரகத்தி அடுக்களையிலிருந்து வந்து, கணவனின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அந்த இடம் எப்போது வரும் என்று அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கிறது.

'உன் பொண்டாட்டி வயித்துல ஏன் ஒண்ணும் தங்க மாட்டேங்குதுன்னு தெரியுமாடா? இந்த மாதிரி வீட்டுல வந்து பொறக்க எந்தப் பிள்ளைக்கும் மனசு வராது. அஞ்சு மாசம் இருந்து பாத்துட்டுப் போயிடுச்சு பாரு, அதுக்கு இருக்கிற புத்திகூட...'

அது நின்றபாடில்லை. இரண்டு நிமிடத்துக்கும் மேலாக, அந்தக் குழந்தையைப் பற்றியும், அவளைப் பற்றியும், அவள் உடம்பைப் பற்றியும் போய்க்கொண்டே இருந்தது. இது நடந்தது குழந்தை தவறிப்போன மூன்றாவது வாரத்தில். எனக்குத் தெரியாததா? நான்தான் ஃபிளாஸ்க்கில் பால் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கொடுத்துவிட்டு வந்தவள். அவள் என் தோளில்தான் அழுதாள். எல்லாம் தெரிந்துதான் சொன்னேன். எங்கே அடித்தால் கொழுந்தனுக்கு வலிக்கும் என்று தேடி, அவளை எடுத்து அடித்தேன். நினைவில்லை என்று ஊரெல்லாம் சொன்னேனே, அது பச்சைப் பொய். எட்டு வருடமாக ஒரு நாள்கூட நான் அதை மறந்ததில்லை.

கொழுந்தன் நிறுத்தினான். மணி நாலேகால்.

'இதை வெட்டிடு' என்று எழுதினேன். உடைந்த பலகையில் இடம் போதாமல் கடைசி எழுத்து கீழே சரிந்தது.

அவன் கணக்குப் பார்த்தான். "ரெண்டு நிமிஷம் இருபது செகண்டு. எடுத்தா பதினெட்டு அம்பதுதான் நிக்கும்."

"இருபதுக்குக் குறைஞ்சா ஏத்துக்க மாட்டாங்கடா" என்றார் என் வீட்டுக்காரர் மெல்ல. "ஏத்தும்போதே திருப்பி அனுப்பிடுமாம். அந்தப் பொண்ணு சொல்லுச்சு."

கொழுந்தன் மவுஸிலிருந்து கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். "நான் எதுவும் சொல்ல மாட்டேன். அவ சொல்லட்டும்" என்றான்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். எட்டு வருடத்தில் அவளுக்கும் வயதாகியிருந்தது. காதோரம் முழுக்க நரை. அதன் பிறகு அவர்களுக்குக் குழந்தை பிறக்கவே இல்லை. அவள் 'வேண்டாம்' என்று சொன்னால் நான் எழுந்து போய்விட வேண்டியதுதான். அதைச் சொல்ல அவளைவிட உரிமை உள்ளவர் யாரும் இல்லை. என் குரல் அவள் வாயில் இருந்தது.

"அனுப்புங்க" என்றாள்.

"முழுசாவா?" என்றான் கொழுந்தன்.

"முழுசா. எதையும் வெட்ட வேண்டாம். அக்கா அன்னிக்குப் பேசினதுலயே நல்லாத் தெளிவாப் பேசினது அந்த இடம்தான்."

பலகையில் இருந்ததைப் புடவைத் தலைப்பால் அழித்தேன். 'என்னை மன்னிச்சுடு' என்று எழுதி அவள் முன்னால் நீட்டினேன். படித்தாள். பலகையைக் கையால் ஒதுக்கினாள்.

"எழுதிக் காட்டாதீங்க. அன்னிக்கு என்ன எழுதியா காட்டினீங்க? அறுபது பேர் முன்னாடி வாயாலதானே சொன்னீங்க. குரல் வரட்டும். வந்ததும் வந்து சொல்லுங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கொழுந்தன் ஃபைலை ஏற்றினான். நாலு ஐம்பதுக்கு 'பெற்றுக்கொண்டோம்' என்று வந்தது. எங்களுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட அந்த வீட்டில் யாரும் கொடுக்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து அந்தப் பயிற்சிப் பெண் என் போனில் குரலைப் போட்டுக் கொடுத்தாள். கொடுக்கும்போதே முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"ஆன்ட்டி, குரல் அப்படியே நீங்கதான். ஆனா ஒண்ணு... நீங்க கொடுத்தது முழுக்கக் கோபமாப் பேசினது. அது அதைத்தான் கத்துக்கிட்டிருக்கு. நீங்க எதை டைப் பண்ணாலும் அந்தத் தொனியிலதான் வரும். வேற பதிவு ஏதாவது இருந்தாக் கொடுங்க, சரி பண்ணலாம்."

வேறு பதிவுக்கு நான் எங்கே போவேன்?

வீட்டுக்கு வந்து, 'ஏங்க, ஒரு டீ போட்டுத் தர்றீங்களா' என்று தட்டினேன். என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். பேப்பர் ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம் பறந்தது. சிரித்துச் சிரித்துக் கழுத்து ஓட்டை வலித்தது எனக்கு. மறுநாள் கம்பெனியில் 'எல்லாரும் நல்லா இருக்கீங்களா' என்று கேட்டேன். கடைசி வரிசையில் நாலு பேர் தையலைப் பிரித்து மறுபடி தைக்க ஆரம்பித்துவிட்டார்கள். தக்காளிக் கடைக்காரன் இப்போதெல்லாம் நல்லதாகப் பொறுக்கித் தருகிறான். இந்தக் குரலை வைத்துக்கொண்டு நான் ஊரையே ஆளலாம். ஒரு இடத்துக்கு மட்டும் கால் வரவில்லை. அதற்கு ஒன்பது நாள் ஆனது.

பத்தாம் நாள் தனியாகப் போனேன். சாயங்கால நேரம். ஓரகத்தி வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மடிப்பதை நிறுத்தவில்லை.

என்ன சொல்வது என்று பஸ்ஸிலேயே தட்டி வைத்திருந்தேன். பத்துத் தடவை திருத்தியிருந்தேன். நீளமாக எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு, மூன்றே வாக்கியம் வைத்திருந்தேன். அவள் முன்னால் நின்று போனை நீட்டி அழுத்தினேன்.

"தெரிஞ்சுதான் சொன்னேன். தப்பு பண்ணிட்டேன். என்னை மன்னிச்சுடும்மா!"

அந்தக் கூடத்துக் குரல். அதே சூடு, அதே அடி. 'மன்னிச்சுடும்மா' என்பது 'தொலைஞ்சு போடி' என்பது போல வந்து அவள் முகத்தில் விழுந்தது. உள்ளேயிருந்து கொழுந்தன் ஓடி வந்தான். எதிர்வீட்டு மாடியில் ஒரு ஆள் என்ன சண்டை என்று எட்டிப் பார்த்தான். எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. போனை அணைத்துவிட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. இல்லை, இந்தத் தொனி நான் நினைத்தது இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அதையும் இந்தக் குரல்தானே சொல்ல வேண்டும்?

ஓரகத்தி கணவனைப் பார்த்து, உள்ளே போங்க என்று கையைக் காட்டினாள். மடித்த துணியைப் பக்கத்தில் வைத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. முகம் மட்டும் இளகவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

அழுத்தினேன். மாடிக்காரன் பெண்டாட்டியையும் கூப்பிட்டுக் காட்டினான்.

"இன்னொரு தடவை."

அழுத்தினேன். அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையையும் வாங்கிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அதை எத்தனை பேருக்கு அவர் போட்டுக் காட்டினாருன்னு தெரியுமா? ஒவ்வொரு தடவையும் நான் அடுக்களையில நின்னு கேட்டிருக்கேன். இன்னும் பத்தல. சொல்லுங்க."

நான் அழுத்தினேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் 'போதும்' என்று சொல்லவில்லை. இருட்டும்வரை நான் அழுத்திக்கொண்டிருந்தேன்.